மூன்றாவது வரிசையில் அமர்வது யார்?
இன்னோவாவுக்கும் எர்டிகாவுக்கும் இடையே நடுத்தரக் குடும்பம்

புது தில்லி:

சனிக்கிழமை விடியற்காலையில் தில்லியின் கிழக்கு எல்லையான காஜிப்பூரில் சற்று நேரம் நின்று பார்த்தால், இந்திய நடுத்தரக் குடும்பத்தின் நிலையைப் புள்ளிவிவரம் ஏதுமின்றியே அறிந்துகொள்ளலாம். மீரட் விரைவுச் சாலை வழியாக ஹரித்துவாருக்கும் ரிஷிகேசத்துக்கும் செல்லும் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று இன்னோவா. அடுத்தது எர்டிகா அல்லது டிரைபர். இரண்டிலும் ஏழு பேர். இரண்டிலும் தாத்தா, பாட்டி, பேரக் குழந்தைகள், கால் வைக்க இடமின்றிப் பைகள். இரண்டும் செல்வது ஒரே ஊருக்கு, ஒரே சாலையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில். ஆனால், ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு.

இந்த மூன்று மடங்கு எதற்காக? வசதிக்கா, கௌரவத்துக்கா, உயிர்ப் பாதுகாப்புக்கா, அல்லது அரசுக்குச் செலுத்தும் வரிக்கா? வீட்டில் ஏழு பேர் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் வாகனம் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. குடும்பங்கள் மட்டுமல்ல, வரி விதிக்கும் அரசும் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அமைச்சகமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

குவாலிஸ் போட்ட பாதை

ஒரு காலத்தில் பெரிய குடும்பத்துக்கு வாகனம் என்றால் அம்பாசிடர்தான். ஐந்து பேருக்கான அந்தக் காரில் எட்டு பேர் பயணம் செய்வது வழக்கமாகவே இருந்தது. 1994-ல் வந்த டாடா சுமோ, அதிக இருக்கைகள் கொண்ட வாகனத்துக்கு இந்தியாவில் பெரும் சந்தை உண்டு என்பதைக் காட்டியது. 2000-ல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கர்நாடகத்தின் பிடதியில் அமைத்த ஆலையிலிருந்து குவாலிஸ் வந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்த வாகனத்தை நிறுத்திவிட்டு, 2005-ல் அதே இடத்தில் இன்னோவாவை அந்நிறுவனம் கொண்டுவந்தபோது பலர் வியந்தனர்.

ஆனால், இன்னோவா வெகு விரைவில் வெறும் குடும்ப வாகனம் என்ற எல்லையைக் கடந்தது. வாடகை வாகன உரிமையாளரின் நம்பிக்கையாக, மாவட்ட அதிகாரியின் அடையாளமாக, அரசியல் கட்சி நிர்வாகியின் அந்தஸ்தாக மாறியது. தமிழக அரசியலில் ஒரு பேச்சாளருக்குக் கட்சித் தலைமை இன்னோவா வழங்கிய நிகழ்வு பல ஆண்டுகள் மேடைகளில் பேசுபொருளாக இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016-ல் கிரிஸ்டா என்ற பெயரில் அது மேலும் பெரிதானது. 2022 நவம்பரில் அறிமுகம் செய்யப்பட்ட ஹைகிராஸ், பெட்ரோல் இயந்திரமும் மின் மோட்டாரும் இணைந்த ஹைபிரிட் வகையில் வந்தது. விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ரூ.18.30 லட்சம் முதல் ரூ.28.97 லட்சம் வரை. அதன் உயர் வகைகள் இன்று ரூ.30 லட்சத்தை ஒட்டி நிற்கின்றன.

இன்னோவா மேலே செல்லச் செல்ல, கீழே ஒரு வெற்றிடம் உருவானது. அதை நிரப்பியது 2012 ஏப்ரலில் வந்த மாருதி சுசுகி எர்டிகா. அன்று அதன் தொடக்க விலை ரூ.5.89 லட்சம். 2019 ஆகஸ்டில் ரெனோ நிறுவனம் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் டிரைபரை ரூ.4.95 லட்சத்துக்கு அறிமுகம் செய்தது. நான்கு மீட்டருக்கும் குறைவான நீளத்தில் ஏழு இருக்கைகள் என்பதே அதன் சிறப்பு. இரு சக்கர வாகனத்திலிருந்து நேராக ஏழு இருக்கை வாகனத்துக்கு ஒரு குடும்பம் மாற முடியும் என்ற நிலையை இவை இரண்டும் ஏற்படுத்தின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேல்தட்டு வாகனத்தைத் தயாரிக்கும் டொயோட்டாவும், சிக்கன வாகனத்தைத் தயாரிக்கும் சுசுகியும் உலக அளவில் கூட்டாளிகள். 2023-ல் ஹைகிராஸ் சிறு மாற்றங்களுடன் இன்விக்டோ என்ற பெயரில் மாருதியின் விற்பனைக் கூடங்களுக்கு வந்தது. அதே ஆண்டில் எர்டிகா, ரூமியான் என்ற பெயரில் டொயோட்டாவின் விற்பனைக் கூடங்களுக்குச் சென்றது. ஆகவே, வாங்குபவர் முன் உள்ள தேர்வு நிறுவனங்களுக்கு இடையிலானது அல்ல. ஒரே கூரையின் கீழ் விற்கப்படும் இரு வேறு தரங்களுக்கு இடையிலானது.

இடம் எவ்வளவு?

விலை வித்தியாசத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதை முதலில் அளவுகோலால் பார்ப்போம். டிரைபரின் நீளம் 3,990 மி.மீ. எர்டிகாவின் நீளம் ஏறத்தாழ 4,400 மி.மீ. ஹைகிராஸின் நீளம் 4,755 மி.மீ. எர்டிகாவுக்கும் ஹைகிராஸுக்கும் இடையே ஓர் அடிக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ஆனால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் பின்பகுதியில் அமர்பவர்களுக்கே பயன்படுகிறது.

ஏழு இருக்கைகளும் நிரம்பியிருக்கும்போது பெட்டி வைக்க மிஞ்சும் இடம் டிரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209 லிட்டர், ஹைகிராஸில் 300 லிட்டர். 84 லிட்டர் என்பது இரண்டு பள்ளிப் பைகளுக்குப் போதும். ஏழு பேர் நான்கு நாள் யாத்திரை செல்வதற்குப் போதாது. ஆகவே, பெட்டிகள் கூரைக்குச் செல்லும் அல்லது காலடிக்கு வரும். டிரைபரின் மூன்றாவது வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். அதாவது, அது ஒரே சமயத்தில் ஏழு பேருக்கான வாகனமாகவும் பெட்டிகளுக்கான வாகனமாகவும் இருக்க முடியாது.

இயந்திரத்திலும் இதே கதைதான். டிரைபரில் இருப்பது 999 சி.சி., எர்டிகாவில் 1,462 சி.சி., ஹைகிராஸ் ஹைபிரிட்டில் 1,987 சி.சி.யுடன் மின் மோட்டார். தில்லியின் போக்குவரத்து நெரிசலில் இந்த வேறுபாடு தெரியாது. டேராடூனைத் தாண்டி முசோரி மலைப்பாதையில் ஏழு பேருடன் குளிர்சாதனமும் இயங்க ஏறும்போது தெரியும். எதிரே வாகனம் வரும் முன் ஒரு லாரியை முந்துவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பது வசதி சார்ந்த விஷயமல்ல, உயிர் சார்ந்த விஷயம்.

பொம்மை அமராத இருக்கை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்தப் பின்னணியில்தான் வாகனங்களின் பாதுகாப்பு பற்றிய விவாதத்தைப் பார்க்க வேண்டும்.

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரில் பின் இருக்கையில் அமர்ந்திருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறை தெரிவித்தது. பின் இருக்கையில் இருப்போரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகள் கூறுவதே அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது.

எட்டு பேர் வரை பயணம் செய்யும் வாகனங்களில் ஆறு ஏர் பேக்குகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2022 ஜனவரியில் வெளியிட்டது. அது 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வரும் என்று கூறப்பட்டது. பின்னர் 2023 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் தேதி நெருங்கிய வேளையில், 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். சட்டத்தின் மூலம் வர வேண்டியது, போட்டியின் மூலம் வரட்டும் என்பதே அரசின் நிலைப்பாடாக அமைந்தது. அதற்கு மாற்றாக 2023 அக்டோபரில் பாரத் என்.சி.ஏ.பி. என்ற மோதல் சோதனைத் திட்டம் தொடங்கியது. வாகனத்தை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு, கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப நட்சத்திரங்கள் வழங்கப்படும். ஆனால், இச்சோதனைக்கு வாகனத்தை அனுப்புவது நிறுவனங்களின் விருப்பம்.

முடிவுகள் என்ன சொல்கின்றன? 2025-ல் ஹைகிராஸ் இச்சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. எர்டிகாவைப் பொருத்தவரை, இந்தியாவில் தயாராகி ஆப்பிரிக்கச் சந்தைக்குச் செல்லும் இரண்டு ஏர் பேக் கொண்ட வகையை குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு 2024 ஜூலையில் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரங்களுமே அதற்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டே, 2025 ஜூலையில், எர்டிகாவின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர் பேக்குகள் அளிக்கப்பட்டன. சட்டம் சாதிக்காததை விமர்சனமும் போட்டியும் ஓரளவு சாதித்தன என்றே கூற வேண்டும்.

எனினும், ஏர் பேக்குகளின் எண்ணிக்கையே பாதுகாப்பு என்று கொள்வது தவறு. ஆறு ஏர் பேக்குகளுடன் வந்த கியா கேரன்ஸ் 2022-ல் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் மூன்று நட்சத்திரங்களையே பெற்றது. வாகனத்தின் கூடு மோதலைத் தாங்கி நிற்காவிட்டால், உள்ளே எத்தனை பைகள் விரிந்தாலும் பயன் குறைவே. மாறாக, 2018-ல் ரூ.9.99 லட்சத்துக்கு வந்த மஹிந்திரா மராசோ, இரண்டு ஏர் பேக்குகளுடனேயே பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. உறுதியான ஏழு இருக்கை வாகனத்தை நடுத்தர விலையில் தயாரிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால், விற்பனையில் அது எர்டிகாவின் அருகில்கூட வர இயலவில்லை. பாதுகாப்பைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. நேருக்கு நேர் மோதல் சோதனையில் முன் இருக்கைகளில் பெரியவர் உருவ பொம்மைகள் இரண்டும், அடுத்த வரிசையில் குழந்தை உருவ பொம்மைகள் இரண்டும் அமர்த்தப்படுகின்றன. மூன்றாவது வரிசையில் பொம்மை எதுவும் அமர்த்தப்படுவதில்லை. பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன நேரும் என்பதை நட்சத்திரங்கள் சொல்வதில்லை. ஐந்து நட்சத்திர வாகனமானாலும், ஒரு நட்சத்திர வாகனமானாலும் இதுதான் நிலை.

நம் குடும்பங்களில் மூன்றாவது வரிசையில் அமர்வது யார்? பெரும்பாலும் குழந்தைகள், சில வேளைகளில் வீட்டு மருமகள் அல்லது மெலிந்த உடலுடைய மூதாட்டி. வாகனத்தின் விலையைச் செலுத்துபவர் அங்கே அமர்வதில்லை. விற்பனைக் கூடத்தில் அந்த இருக்கையில் அமர்ந்து பார்ப்பவரும் அரிது. குடும்பத்தில் குரல் குறைந்தவர்களுக்கே, சோதனைக்கு உள்ளாகாத இருக்கை ஒதுக்கப்படுகிறது.

நீளத்துக்கு வரி, குடும்பத்துக்குச் சுமை

இனி அரசின் பங்குக்கு வருவோம். 2006-07 மத்திய நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்பதற்கு அன்று வகுக்கப்பட்ட இலக்கணம்: நீளம் நான்கு மீட்டருக்கு மேற்படக் கூடாது, இயந்திரம் பெட்ரோலானால் 1,200 சி.சி., டீசலானால் 1,500 சி.சி.க்கு மேற்படக் கூடாது. சிறிய கார் தயாரிப்பில் இந்தியாவை உலக மையமாக்குவது அதன் நோக்கம். அரசுகள் மாறின, வரி முறையே மாறியது. ஆனால், இந்த நான்கு மீட்டர் கோடு மட்டும் மாறவில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அதே கோடு நீடித்தது. 28 சதவீத வரியுடன், வாகனத்தின் அளவுக்கு ஏற்ப இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்தது. 2023 ஜூலை 11-ஆம் தேதி நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சிலின் 50-ஆவது கூட்டம், நீளம் நான்கு மீட்டருக்கு மேல், இயந்திரம் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து உயரம் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள வாகனங்கள் எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் 22 சதவீத மேல்வரி செலுத்த வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. இதனால் பெரிய குடும்ப வாகனங்களின் மொத்த வரி 50 சதவீதமானது.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரிச் சீர்திருத்தத்தில் மேல்வரி நீக்கப்பட்டது. சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்று இரண்டே விகிதங்கள் வந்தன. மின்சார வாகனங்களுக்கு 5 சதவீதம் தொடர்ந்தது. இதன் விளைவை ஏழு இருக்கை வாகனங்களில் பார்ப்போம்.

நான்கு மீட்டருக்குள் அடங்கும் டிரைபருக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 11 புள்ளிகள் குறைவு. டீசலில் ஓடும் பெரிய இன்னோவா கிரிஸ்டாவுக்கு 50 சதவீதத்திலிருந்து 40 ஆனது. 10 புள்ளிகள் குறைவு. இடையில் நிற்கும் எர்டிகாவுக்கு 45 சதவீதத்திலிருந்து 40 ஆனது. 5 புள்ளிகள் மட்டுமே குறைவு. ஹைபிரிட் வகை ஹைகிராஸுக்கு, முன்னரே சலுகை விகிதத்தில் 43 சதவீதமாக இருந்தது 40 ஆனது.

இன்றைய நிலையில் ரூ.9 லட்சத்தை ஒட்டிய தொடக்க விலை கொண்ட எர்டிகாவும், ரூ.30 லட்சத்தை ஒட்டிய ஹைகிராஸும் ஒரே விகிதத்தில் 40 சதவீதம் வரி செலுத்துகின்றன. ஆலையிலிருந்து ரூ.8 லட்சத்துக்கு வெளிவரும் வாகனம் நான்கு மீட்டர் கோட்டைத் தாண்டாவிட்டால் அதன் மீதான வரி ரூ.1.44 லட்சம், தாண்டிவிட்டால் ரூ.3.20 லட்சம். ஏழு பேர் சற்றுக் காலை நீட்டி அமர்வதற்கான கூடுதல் நீளத்துக்கு ரூ.1.76 லட்சம் வரி வித்தியாசம் என்பதே இதன் பொருள். இரண்டு பேர் மட்டும் பயணம் செய்யும் சிறிய காருக்குச் சலுகை உண்டு. ஏழு பேரை ஒரே வாகனத்தில் ஏற்றிச் சென்று சாலையில் ஒரு காரைக் குறைக்கும் குடும்பத்துக்குச் சலுகை இல்லை.

மாநில அரசுகள் விதிக்கும் சாலை வரி வேறு அடிப்படையில் அமைந்துள்ளது. தில்லியிலும் தமிழ்நாட்டிலும் வாகனத்தின் விலை உயர உயர வரி விகிதமும் உயரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ரூ.5 லட்சம் வரையிலான கார்களுக்கு 12 சதவீதம் என்று தொடங்கி, ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 20 சதவீதம் என வகுக்கப்பட்டது. கூடுதல் வசதி உள்ளவர் கூடுதலாகச் செலுத்தட்டும் என்ற நியாயம் அதில் உள்ளது. ஆனால், தில்லிக்கு அடுத்துள்ள உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை முழுமையாக விலக்கியது. தூய்மையான காற்று என்ற நோக்கம் பாராட்டத்தக்கதே. எனினும், நொய்டாவில் ரூ.25 லட்சத்துக்கும் மேல் கொடுத்து ஹைபிரிட் வாகனம் வாங்கியவருக்குப் பதிவு வரி விலக்கு கிடைத்தது. அதே நகரில் சிஎன்ஜி எர்டிகா வாங்கியவர் அந்த வரியைச் செலுத்தினார்.

டீசல் கற்றுத்தந்த பாடம்

தலைநகரில் வாகனம் வாங்குபவர்கள் மற்றொரு கணக்கையும் போட வேண்டும். 2015 டிசம்பர் 16-ஆம் தேதி, 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் வாகனங்களைத் தில்லி மற்றும் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இன்னோவா அதில் சிக்கியது. 2016 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, விற்பனைக் கூட விலையில் ஒரு சதவீதப் பசுமைத் தீர்வையுடன் தடை நீங்கியது. அதற்குள் டொயோட்டா பெட்ரோல் இன்னோவாவை வெளியிட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய அடி, டீசல் வாகனங்களுக்குப் பத்து ஆண்டுகள், பெட்ரோல் வாகனங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் என்ற ஆயுள் வரம்பு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் மறுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் சில நாள்களிலேயே அந்த நடவடிக்கை நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில், வாகனத்தின் வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வாகனங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய டீசல் இன்னோவா, இயந்திரம் நன்றாக ஓடும் நிலையிலேயே பத்தாவது ஆண்டில் வேறு மாநிலத்துக்குப் பாதி விலையில் போன அனுபவம் தலைநகரில் பல குடும்பங்களுக்கு உண்டு. நீண்ட காலம் உழைக்கும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், அந்த நீண்ட காலத்தை அரசு அனுமதிக்குமா என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

வீட்டுக் கணக்கு

கணக்குக்காக, சிக்கன வாகனம் சாலைக்கு வரும்போது ரூ.12 லட்சம், மேல்தட்டு ஹைபிரிட் வாகனம் ரூ.28 லட்சம் என்று கொள்வோம். வித்தியாசம் ரூ.16 லட்சம். இதை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ.25,700. ஏழு ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ ரூ.21.6 லட்சம்.

ஹைபிரிட் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்பது உண்மையே. ஹைகிராஸ் லிட்டருக்கு 23.24 கி.மீ., எர்டிகா 20.51 கி.மீ. தரும் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. நகரச் சாலையில் முறையே 17, 15 என்று குறைத்தே கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால், லிட்டர் ரூ.100 என்ற விலையில் மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் ரூ.9,400. பத்து ஆண்டுகளிலும் ஒரு லட்சத்தை எட்டாது. ஆகவே, எரிபொருள் சிக்கனத்தைக் காரணம் காட்டி மேல்தட்டு வாகனத்தை நியாயப்படுத்த இயலாது. மறுவிற்பனையில் இன்னோவாவுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால், வட்டியாகச் சென்ற பணம் மறுவிற்பனையில் திரும்பி வராது.

எனவே, முதலில் கேட்க வேண்டியது: ஆண்டில் எத்தனை நாள் ஏழு இருக்கைகளும் நிரம்புகின்றன? பதினைந்து நாள் என்றால், அந்தப் பதினைந்து நாளுக்கும் ஓட்டுநருடன் இன்னோவாவை வாடகைக்கு அமர்த்தலாம். ஒரு நாளைக்கு ரூ.6,000 என்றாலும் ஆண்டுக்கு ரூ.90,000. மாதத் தவணை வித்தியாசமோ ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்கு மேல். இத்தகைய குடும்பத்துக்குச் சிக்கன வாகனமே போதும். அதிலும் ஐந்து பேருக்கு மேல் ஏறுவது அரிதானால், மூன்றாவது வரிசையே தேவையில்லை. அதே பணத்தில் கூடுதல் நட்சத்திரம் பெற்ற ஐந்து இருக்கைக் காரை வாங்குவது மேல்.

மாறாக, வாரந்தோறும் ஆறு ஏழு பேராக நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் குடும்பத்துக்கு, மூட்டு வலியுள்ள முதியோரைத் தொலைதூர மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்லும் வீட்டுக்கு, மலைப்பாதையே அன்றாடப் பாதையாக உள்ளவர்களுக்குக் கூடுதல் விலை வீணல்ல. கடன் சுமை குடும்பத்தை நெரிக்காதவரை, அங்கே அது ஆடம்பரம் ஆகாது.

எதை வாங்கினாலும் சில விஷயங்களில் சமரசம் கூடாது. விற்பனைக் கூடத்தில் வீட்டின் மூத்தவரை மூன்றாவது வரிசையில் ஏற்றி, கால் மணி நேரம் அமர்த்திப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர் பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும். நடுவில் அமர்பவருக்கும் தோள்வழிச் செல்லும் மூன்று முனை சீட் பெல்ட் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வாங்கிய பின், கடைசி வரிசையிலும் பெல்ட் அணியாமல் வாகனம் கிளம்பாது என்பதை வீட்டு விதியாக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அரசு செய்ய வேண்டியது

குடும்பம் தன் கணக்கைப் போட்டுவிடும். அரசு தன் கணக்கைத் திருத்துமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி. 2006-ல் வகுத்த நான்கு மீட்டர் கோடு, சிறிய கார்த் தொழிலை வளர்ப்பதற்காக வரையப்பட்டது. அது தன் பணியைச் செய்து முடித்துவிட்டது. இன்று அதே கோடு, ஏழு பேருக்கான வாகனத்தை ஐந்து பேருக்கான நீளத்தில் சுருக்குமாறு நிறுவனங்களைத் தூண்டுகிறது. சுருங்குவது கடைசி வரிசைக்கும் பின்கதவுக்கும் இடையிலான வெளி. நீளத்தை விட்டுவிட்டு விலை, இருக்கை எண்ணிக்கை, பாதுகாப்பு நட்சத்திரம் ஆகியவற்றைக் கொண்டு வரியை அமைத்தால், குறைந்த விலையில் உறுதியான குடும்ப வாகனத்தைத் தயாரிப்பவருக்கு ஊக்கம் கிடைக்கும்.

மோதல் சோதனையைக் கட்டாயமாக்குவதும், மூன்று வரிசை வாகனங்களில் மூன்றாவது வரிசையையும் அதில் சேர்ப்பதும் இதைவிட எளிது. ஏழு பேருக்கான வாகனம் என்று விளம்பரம் செய்து விற்கும்போது, நான்கு பேருக்கான மதிப்பெண்ணை மட்டும் காட்டுவது எவ்விதத்தில் நியாயம்?

காஜிப்பூர் எல்லையைக் கடந்து செல்லும் இரு வாகனங்களின் பின் கண்ணாடி வழியாகவும் கையசைக்கும் குழந்தைகளைக் காணலாம். அவர்களில் யார் விலை உயர்ந்த வாகனத்தில் இருக்கிறார்கள் என்பது பெற்றோரின் வருவாயைப் பொருத்தது. ஆனால், அவர்கள் அமர்ந்திருக்கும் இருக்கை ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டதா என்பது அரசைப் பொருத்தது.